எதிர்மலையில் ஒரு காது

எதிர்மலையில் இருக்கிற டெலஸ்கோப்புக்கு நாம் பேசுவதெல்லாம் கேட்கும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்தது அம்மாதான். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. காலையில் எஸ்டேட்டில் தேயிலை பறிக்கப் போனால் அம்மா வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் நானும் அக்காவும் மட்டும். காவலுக்கு ஆள் வைக்க எங்களால் முடியுமா? அதனால் சர்க்கார் கட்டி வைத்திருந்ததையே காவலுக்கு வைத்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்கன்னா அது கேட்டு உங்கப்பன்கிட்டச் சொல்லிப்போடும், பாத்துக்கங்க."

டெலஸ்கோப் என்றால் குழாயில் கண்ணை வைத்துப் பார்ப்பதை நினைத்துவிட வேண்டாம். இது ரேடியோ டெலஸ்கோப். மலைச்சரிவில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பு வளைவுகளை வரிசையாக நட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். பெரிய மீன்வலையைக் காயப் போட்டதுபோல இருக்கும். மூடுபனி வந்தால் மறைந்துவிடும். பனி விலகியதும் பார்த்தால், எங்கேயும் போகாமல் அங்கேயே நிற்கும். எனக்கு அதுதான் பயம்.

அப்பாவுக்கு அங்கே வேலை. விஞ்ஞானி வேலை இல்லை. வலைக்குக் கீழே புல் வெட்டுவது, துருப்பிடித்த இரும்பைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, காற்றில் அறுந்த கம்பியை ஏறிக் கட்டுவது. ஆனால் லைனில் அவர் பேசுவதைக் கேட்டால் சூரியனுக்கே அவர்தான் சாவி வைத்திருக்கிறார் என்று தோன்றும். ஒருநாள் சொன்னார், "பெட்ரோல் வண்டிய எங்க கேட்டுக்கு எட்டவே நிறுத்திரோணும். பிளக்குல ஒரு பொறி வந்தாக்கூட உள்ள தெரிஞ்சுபோகும்."

அம்மா சொன்னது சும்மா மிரட்டல்தான் என்று அதுவரை கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. பிளக்கில் வருகிற பொறியே தெரிகிறதென்றால் நாங்கள் பேசுவது தெரியாமல் போகுமா? அதற்கப்புறம் நான் குளிக்கும்போதுகூடப் பாடியதில்லை.

வருஷத்தில் ஒருநாள் கேட்டைத் திறந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். நான் நாலாவது படிக்கும்போது அக்கா பதினொண்ணாவது. ரெண்டு பேரும் போனோம். கண்ணாடி போட்ட ஒருவர் எங்களை ஒரு அறையில் உட்காரவைத்து, செத்துப்போன நட்சத்திரம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். அது எரிந்து முடிந்து, நம்ம ஊட்டி அளவுக்குச் சுருங்கி, பம்பரம்போலச் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு அங்கேயிருந்து வருமாம். ஸ்பீக்கரைப் போட்டார். டொக், டொக், டொக் என்று வந்தது. இது அங்கிருந்து கிளம்பியபோது ஊட்டி என்று ஒரு ஊரே கிடையாது என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் எழுந்து நின்று, "செத்ததுக்கு அப்புறமும் எதுக்குங்க சுத்துது?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயே படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லும்மா" என்றார். வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளையிடம் அவர் இதைச் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அக்கா அதை அவளுக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டு விளிம்பில் அவள் விரல் அதே கணக்கில் தட்டும். டொக், டொக், டொக்.

"நட்சத்திரம் படிக்கப் போறாளாமா" என்று அப்பா லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "அதுக்கடியில புல்லு வெட்டுறவன் மகளுக்கு அதுக்கு மேல என்ன வேலை?" மேட்டுப்பாளையத்தில் அத்தை மகன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காவை அவருக்கென்று எப்போதோ பேசி வைத்தாயிற்று. பன்னிரண்டாவது முடிந்ததும் கல்யாணம் என்று முடிவு.

அக்கா பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தாள். கோயம்புத்தூர் காலேஜ் ஒன்றில் இயற்பியலுக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. டீச்சர் வீட்டு விலாசத்துக்கு வரவைத்திருந்தாள். வெளியே விறகடுப்பில் தண்ணீர் காய வைத்துக்கொண்டே அம்மாவும் அவளும் குசுகுசுவென்று பேசியதை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ். மேட்டுப்பாளையத்தில் கோயிலுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, அப்படியே கோயம்புத்தூர் போய் ஹாஸ்டலில் சேர்த்துவிடுவது. சர்டிபிகேட்டெல்லாம் அரிசி டின்னுக்குள்.

"சேத்தி உட்டுட்டா அப்புறம் கத்தி என்ன பண்ணுவாங்க. நாலு நாளு கத்துவாங்க" என்றாள் அம்மா.

"அடிப்பாங்கம்மா."

"என்னையத்தான அடிப்பாங்க. நீ அங்கயில்ல இருப்ப."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடிக்குப் பயந்து இல்லை. இவர்கள் திறந்தவெளியில், எதிர்மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து இதைப் பேசுகிறார்களே என்று. எனக்குச் சொல்லித் தந்த அம்மாவே மறந்துவிட்டாளா? அடுத்த மூன்று நாளும் அவர்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் பாத்திரத்தை உருட்டினேன், வாளியைத் தட்டினேன். "இவளுக்கு என்னமோ புடிச்சிருக்குது" என்று அக்கா தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றினார். அம்மாவும் அக்காவும் குழாயடியில் இருந்தார்கள். வாசல்படியில் நான் மட்டும்.

"இன்னிக்கு ஒரு வேலையும் ஆகல போ" என்றார். "ரெண்டு மூணு நாளா உள்ள என்னமோ ஒரு சத்தம் புகுந்துட்டு எல்லாத்தையும் கெடுக்குதாமா. எங்கிருந்துன்னு தேடித் தேடிப் பாத்தா, நம்ம லைன் பக்கமிருந்துதான் வருதாம். நாளைக்கு வூடு வூடா வந்து புடிக்கப் போறாங்க."

மூன்று நாள் என்றால் சரியாக அந்தப் பேச்சுதான். கேட்டுவிட்டது. ஆபீசர்கள் வந்து லைன் முன்னால் அக்காவையும் அம்மாவையும் நிற்கவைத்துச் சொல்லப் போகிறார்கள். அப்பாவுக்கு வேலையும் போய்விடும். அவர்கள் வந்து சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிட்டால் கோபம் கொஞ்சம் குறையுமே என்று கணக்குப் போட்டேன். அப்பாவுக்கும் எப்படியும் தெரிந்திருக்கும், தெரிந்துகொண்டுதான் என் வாயைக் கிளறுகிறார் என்றும் நினைத்தேன்.

"அப்பா, அது அம்மாவும் அக்காவும் பேசுனதுதானுங்க."

அப்பா ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "என்ன பேசுனாங்க?"

சொன்னேன். எந்த பஸ் என்று கேட்டார், சொன்னேன். சர்டிபிகேட் எங்கே என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. என் தலையைத் தடவி, "என்ற தங்கம்" என்றார். என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பொட்டலம் மொறுமொறு வர்க்கி வாங்கித் தந்தார். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார். எவ்வளவு நல்ல அப்பா, இவரிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தபடி பாதியைத் தின்றேன். மீதியை மேல்சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்தேன். அக்காவுக்கு.

மறுநாள் நாங்கள் எழுந்திருக்கும் முன்பே அப்பா எங்கேயோ கிளம்பிப் போயிருந்தார். அம்மா லீவு போட்டு அக்காவின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பத்து மணிவாக்கில் ஜீப் வந்தது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். அந்தப் பெண் தலையில் ஹெட்போன் மாட்டி, மீன்முள் மாதிரி ஒரு ஆன்டெனாவைக் கையில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு லைன் ஓரமாக நடந்தார். நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் பின்னாலேயே போனோம். எங்கள் வீட்டு வாசலில் அவர் ஒரு நிமிஷம் நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் எங்கள் வீட்டைத் தாண்டியிருந்தார்.

கடைசியில் மேஸ்திரி வீட்டுக் கூரையில் போய் முடிந்தது. டிவி ஆன்டெனாவில் படம் தெளிவாகத் தெரியட்டும் என்று ஒரு பூஸ்டர் மாட்டியிருந்தார். அது கெட்டுப்போய், சிக்னலை வாங்குவதற்குப் பதிலாக வெளியே கத்திக்கொண்டிருந்ததாம். "என்னுங்க இது, ஞாயித்துக்கிழமை படம் பாத்தது ஒரு குத்தமுங்களா?" என்றார் மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். புதுசு வாங்கித் தருகிறோம் என்று அதைக் கழற்றிக்கொண்டார்கள்.

ஜீப்பில் ஏறப்போன அந்தப் பெண்ணின் துப்பட்டாவை நான் பிடித்து இழுத்தேன். "எங்கூட்டுல பேசுனது கேக்கலீங்களா?"

அவர் குனிந்து என் கன்னத்தைத் தொட்டார். "பேசறதெல்லாம் அதுக்குக் கேக்காதும்மா. அது மேல இருந்து வர்றதைத்தான் கேக்கும். இங்க கீழ இருந்து எது போனாலும் எங்களுக்குத் தொந்தரவு. அழிச்சுட்டுத்தான் மிச்சத்தைப் பார்ப்போம்."

மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, அது நம்ம பேசுனதக் கேக்கவே இல்லையாமா!"

அக்கா அரிசி டின்னுக்கு முன்னால் முட்டி போட்டிருந்தாள். ரெண்டு கையும் முழங்கை வரை அரிசிக்குள் இருந்தது. கிளறிக்கொண்டே இருந்தாள். அப்புறம் டின்னைத் தரையில் கவிழ்த்தாள். அரிசி மட்டும்தான் கொட்டியது.

"அப்பாதான் எடுத்துட்டுப் போயிருக்காரு" என்றாள். "யாரும்மா சொன்னது?"

நான் பையிலிருந்து வர்க்கியை எடுத்து அவளிடம் நீட்டியபடி நின்றுகொண்டிருந்தேன். அம்மா ஈரக்கையோடு வாசலில் நின்றாள். அப்பா எங்களுக்கு வர்க்கி வாங்கித் தருகிற ஆள் இல்லை. அம்மா வர்க்கியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாந்தான் சொன்னேன்" என்றாள். "மனசு கேக்கல. ராத்திரி சொல்லிப்போட்டேன்."

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. ரெண்டு பிள்ளைகள் படிச்சுக் கெடுவானேன் என்று என்னை எட்டாவதோடு நிறுத்தினார் அப்பா. கல்யாணத்துக்கப்புறம் அம்மா உயிரோடு இருந்த பதினாறு வருஷமும், அவள் கேட்ட கேள்விக்கு அக்கா பதில் சொன்னாளே தவிர, தானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பிரசவத்துக்கும் வரவில்லை. அம்மா செத்தபோது வந்தாள். வெளியூர்க்காரி மாதிரி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போன நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் எனக்கென்று இருக்கிற ஒருத்தியும் போய்விடுவாளே என்று பயந்து, குடை எடுத்தாயா என்று கேட்டேன். இன்னும் சொல்லவில்லை. எதிர்மலையில் அது இன்னும் நிற்கிறது, மேலே கேட்டபடி.

ஆனால் அன்றைக்கு, அம்மா அப்படிச் சொன்னபோது, எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஓ, அம்மாவும் சொல்லியிருக்கிறாளா, அப்படியானால் என் தப்பு பாதிதான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா வாங்காத வர்க்கியை நானே தின்றேன். சிந்திக்கிடந்த அரிசியை அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நானும் உட்கார்ந்து கூடப் பொறுக்கினேன்.