அம்மா கேட்ட படம்

உங்கள் கணினி அடிக்கடி ஸ்டக் ஆகி நின்றால் முதலில் என்ன செய்வீர்கள்? ஐ.ரி. படித்த திமிரில் நான் உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்து போர்மட் அடித்தேன்.

பரந்தனில் எங்கள் வீட்டுக் கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படியே நின்றுவிடும். வைரஸ்தான் என்று முடிவுகட்டினேன். தொடங்குமுன் அம்மா வந்து கேட்டார்.

"தம்பி, படம் ஒண்டும் அழியாதோ?"

"எல்லாம் அழியும். பிறகு இறக்கலாம் அம்மா. இந்த வயசில உங்களுக்குப் படம் கேக்குதோ?"

"எனக்கென்ன தெரியும், நீ படிச்சனி" என்று சிரித்துக்கொண்டு போனார்.

போர்மட் அடித்த பிறகும் கணினி நின்றது. மூடியைக் கழற்றினால் உள்ளே ஃபேன் முழுக்கப் புழுதி. சூடேறித்தான் நின்றிருக்கிறது. துடைத்ததும் நன்றாக ஓடியது.

"இனி அண்ணாவின்ர படத்தைக் காட்டு" என்றார் அம்மா.

நான் சினிமா என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது யுத்தத்தில் காணாமல் போன அண்ணாவின் ஒரே புகைப்படத்தை. கடதாசிப் படத்தைக் கறையான் அரிக்கத் தொடங்கியதும் மாமா அதைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தாராம்; கடதாசிப் படம் பிறகு மிஞ்சவில்லை.

இப்போது யாருடைய கணினி நின்றாலும் முதலில் தூசு தட்டுகிறேன். எதையும் அழிக்குமுன் "என்ன படம்?" என்று கேட்கிறேன்.

அண்ணாவின் படத்தை மீட்க முடியாது என்று மூன்று கடைகளில் சொல்லிவிட்டார்கள். இன்று காலை அம்மா ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, இன்னொரு கடை தேடி, தனியாக வவுனியா பஸ் ஏறியிருக்கிறார்.