அச்சு அசல் அக்கா

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலும் அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். சினிமா தியேட்டரில், திரையில் ஓடும் காரைப் பார்த்து அழுத்தும். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தபடி ஒருமுறை அப்படி அழுத்தியதில், ஊசியைக் கையில் வைத்திருந்த டாக்டர் அம்மாள், "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார். டிரைவிங் பள்ளியின் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இருபது வருடத்துக்கு மேல் அதன்மேலேயே கால் வைத்து உட்கார்ந்திருப்பவளுக்கு, உலகத்தில் எல்லோரும் எதையோ தப்பாக ஓட்டிக்கொண்டிருப்பதாகவே தெரிகிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா.

அக்கா கத்துகிறவள் இல்லை. பெருமூச்சு விடுகிறவள். கத்தலைவிட அது மோசம் என்று அவளிடம் ஓட்டக் கற்றவர்கள் சொல்வார்கள். கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியைத் துள்ள விட்ட ஒருவரிடம், "இது கார் சார், தவளை இல்ல" என்றாள். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னதும் நெற்றி முடியை ஒதுக்கிய பெண்ணிடம், "பின்னாடி லாரி வருதான்னு நீ பாரு. முடி சரியா இருக்கான்னு நான் பாத்துச் சொல்றேன்" என்றாள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒரு பழந்துணியால் ஸ்டியரிங்கைத் துடைப்பாள். மற்றவர்களின் பயம் அதில் ஈரமாக ஒட்டியிருக்கும்.

வீட்டிலும் இதே பெருமூச்சுதான். கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். நடுவில் தம்பி, கடைசியில் தங்கை. மூன்று பேருக்கும் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து ஹெபடைடிஸ் பி வைரஸ் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைக்கு அதற்கான தடுப்பூசி போடுகிற வழக்கம் இல்லை. யார் மேலும் குற்றமில்லை.

தம்பிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ப வெட்டிப் பொருத்துவான். ஒரு சொட்டு மது தொட்டதில்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். அக்கா அப்படி இல்லை. இரண்டு பாடத்துக்கு நடுவே கிடைத்த எண்ணெய்ப் பண்டத்தைத் தின்பாள். உடம்புக்கு எது வந்தாலும் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் இருவரும் போய்ப் பார்த்தபோது, தம்பியின் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போயிருந்தது. அக்காவுடையது சின்னப் பிள்ளையின் கல்லீரல் போலிருப்பதாக டாக்டர் சொன்னார். வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"அது எப்படி டாக்டர்? ஒரே அம்மா, ஒரே வைரஸ். ஒழுங்கா இருந்தவனுக்கு இப்படி, ஒழுங்கில்லாதவளுக்கு அப்படியா?"

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "வைரஸ் ஒண்ணுதாம்மா. அதோட ஒவ்வொரு உடம்பும் மல்லுக்கட்டுற விதம் வேற. தழும்பு எவ்வளவு வேகமா விழும்கிறதுல பரம்பரைக்கும் பங்கு இருக்கு. கூடப் பிறந்தவங்கன்னாலும் அப்பா அம்மாகிட்டேர்ந்து உங்களுக்கு வந்த மரபணுவும் அவருக்கு வந்ததும் அப்படியே ஒண்ணு இல்ல."

"எது? இன்ன மரபணுன்னு சொல்லுங்க."

"அப்படி ஒண்ணை மட்டும் விரல் வச்சுக் காட்ட முடியாது. பல சேர்ந்து செய்யுற வேலை. ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு."

"மூணு பேருக்கும் வண்டியைக் குடுத்துட்டு, பிரேக்கை மட்டும் எனக்கு வச்சுட்டாங்களா எங்கம்மா?"

தம்பி சிரித்தான். "விடுக்கா. உன் கல்லீரலைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு."

வைரஸை அடக்க அவனுக்குத் தினம் ஒரு மாத்திரை. முன்பே தெரிந்து முன்பே தொடங்கியிருந்தால் இவ்வளவு தழும்பு விழுந்திருக்காது. கல்லீரல் சீக்கிரம் வலிக்காது. அதனிடம் உள்ள கெட்ட பழக்கம் அது. கணுக்கால் வீங்கிய பிறகுதான் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். கல்லீரல் என்ற சொல்லைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரர், "கொஞ்சம் குறைச்சுக் குடிச்சிருக்கலாமே தம்பி" என்று உருகினார். அதற்குப் பதிலை அக்கா சொன்னாள். அந்த வீட்டு ஜன்னல் ஒரு வாரம் சாத்தியே கிடந்தது.

இனி மிச்சம் சின்னவள். அவளுக்கு வைரஸ் இருப்பது கர்ப்பமாக இருந்தபோது எடுத்த பரிசோதனையில் தெரிந்தது. குழந்தைக்குப் பிறந்த கையோடு ஊசி போட்டார்கள், பிள்ளை தப்பித்தது. அதோடு விஷயம் முடிந்தது என்று தன் கல்லீரலை மறந்துவிட்டாள். அவள் பெண்களுக்கான சலூன் வைத்திருக்கிறாள். முடி வெட்டிக்கொள்ள அக்கா அங்கேதான் போவாள், சண்டை போடவும் அங்கேதான்.

"டாக்டர்கிட்ட வான்னு எத்தனை தடவைடி சொல்றது?"

"தலையை ஆட்டாதேக்கா, காது போயிடும்."

"காது போனா தச்சுக்கலாம்."

"எனக்கு என்ன குறைச்சல்? உனக்கும்தான் அந்த வைரஸ் இருக்கு, குண்டுக்கல்லு மாதிரி இருக்கியே. நான் அச்சு அசல் நீ. பொறந்ததுலேர்ந்து எல்லாரும் சொல்றதுதானே? அண்ணன் அப்பா ஜாடை. பாவம், மாட்டிக்கிச்சு."

எதிரே கண்ணாடியில் இரண்டு முகங்களும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தன. அதே மூக்கு, அதே அகன்ற நெற்றி, கோபம் வந்தால் ஒரு பக்கம் மட்டும் ஏறும் அதே புருவம்.

"ஜாடை மூஞ்சியில இருக்கு. கல்லீரல் எங்க இருக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

சின்னவள் கத்தரியால் தன் இடது விலாவைக் காட்டினாள்.

"அந்தப் பக்கம் இல்லடி, வலது. இருக்கிற இடமே தெரியல, நல்லாயிருக்காம்."

அக்காவின் கால் கீழே உள்ள கம்பியை அழுத்தியது. வெட்டிய முடியெல்லாம் மடியில் சரிந்தது.

உண்மையில் அவளுக்குத் தன் நல்ல உடம்பின் மேல்தான் கோபம். படுத்துக் கிடந்தாலாவது சொன்ன பேச்சைக் கேட்பார்கள். அவள் எழுந்து நடமாடுவதையே சாட்சியாக வைத்துக்கொண்டு ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தரைச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதை அவள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மூக்கு எடுபட்ட இடத்தில் மரபணு எடுபடவில்லை.

சின்னவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வெகுநாள் ஆசை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது அக்காவின் சட்டம். அவர்களைத் திட்டினால் வீடு வரைக்கும் வரும். அந்தச் சட்டத்தை அவளே ஒருநாள் மாற்றினாள். சில வாரம் காலியான மைதானம், பிறகு சந்துகள், பிறகு பெரிய சாலை. ஒருநாள் மட்டும், "காலையில எதுவும் சாப்பிடாம வா. வயிறு நெறைஞ்சிருந்தா ரிவர்ஸ்ல திரும்பிப் பாக்க வராது" என்றாள். ஆசிரியர் சொன்னதை மாணவி நம்பினாள்.

"இடது. இண்டிகேட்டர் போடு. நேரா. அந்தக் கேட்டுக்குள்ள விடு."

விட்ட பிறகுதான் சின்னவள் பலகையைப் படித்தாள். "அக்கா, இது ஆஸ்பத்திரி."

"தெரியுது. ரெண்டு வண்டிக்கு நடுவுல ரிவர்ஸ்ல நிறுத்து. கோணலா நிறுத்தாதே."

"அதான் சாப்பிடாம வரச் சொன்னியா?"

"ஸ்கேனுக்கு வயிறு காலியா இருக்கணும். வேணாம்னா வேணாம். வண்டியைத் திருப்பு, போகலாம். இழுத்துட்டுப் போய்ப் படுக்க வைக்க நீ சின்னக் கொழந்தை இல்ல."

சின்னவள் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கப் புருவம் ஏறியிருந்தது. அக்கா பெருமூச்சுகூட விடவில்லை. சின்னவள் ரிவர்ஸ் போட்டு, இரண்டு வண்டிக்கு நடுவே கோணலில்லாமல் நிறுத்தி, அணைத்துவிட்டு இறங்கினாள். சும்மா பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே தம்பி உட்கார்ந்திருந்தான். அன்று அவனுக்கும் முறை. பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டு இறுக்கியிருந்தான். தங்கையைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வா. எடம் புடிச்சு வச்சிருக்கேன்."

அவள் அந்தத் துளையையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். அவளுடைய பெயரைக் கூப்பிட்டபோது, "நீயும் உள்ள வாக்கா" என்றாள்.

உள்ளே சின்னவள் மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தாள். டெக்னீஷியன் விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவிக் கருவியை வைத்தார். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற கருவி. வலிக்காது, யாரோ விரலால் சுண்டுவது போலிருக்கும். எண்கள் விழும் திரை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. காலடியில் போட்டிருந்த ஸ்டூலில் அக்கா உட்கார்ந்தாள்.

கருவி முதல் முறை சுண்டியது. ஸ்டூலுக்குக் கீழே அக்காவின் வலது கால் தரையில் ஊன்றி அழுத்தியது.

"அசையாதீங்க" என்றார் டெக்னீஷியன்.

அவர் சொன்னது கட்டிலில் இருந்தவளுக்கு. அங்கே சின்னவளின் வலது காலும் பாதத்தை நீட்டிக் காற்றை அழுத்திக்கொண்டிருந்தது.