கம்பி பிரஷ்

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில், ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை இருந்தது. ஃபிரிட்ஜ் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். ஏசி அப்படியில்லை. மெட்ராஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எட்டு மாதம் இருந்தபோது, அடுத்தவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் யார் கேட்டாலும், "ஏசியா? அது நமக்கு ஜுஜுபிங்க" என்பேன். ஊரில் ஏசி வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர்தான். என் பேச்சைச் சோதித்துப் பார்க்க ஆளில்லை.

திண்டிவனத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் என்னைக் கூப்பிட்டது. வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்த்தார். வீட்டில் அவர் மனைவியும் ஒன்பது வயது மகளும் இருந்தார்கள். பகட்டுக்காக வாங்கிய ஏசி அல்ல அது. அந்தச் சிறுமிக்குப் பிறவியிலேயே உடம்பில் வேர்வை வராது. வெயில் ஏறினால் சூடு வெளியேற வழியில்லாமல் காய்ச்சல் மாதிரிக் கொதிக்கும். கோடையில் அவள் பள்ளிக்கூடம் போவதில்லை. பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்த ஒரே அறையில்தான் இருப்பாள். அவளுக்காகவே அவள் அப்பா ஒரு ஜன்னல் ஏசியைக் கப்பலில் அனுப்பியிருந்தார்.

இதெல்லாம் முதல் நாளே அந்தம்மா எனக்குச் சொன்னார். தெரிந்துதான் செய்தேன்.

அன்று வேலை சாதாரணமானது. ஏசியின் பின்பக்கம் தோட்டத்துப் பக்கச் சுவரில் நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் துவைக்கிற கல், துணி காயப்போடும் கொடி. மெயின் ரோட்டு லாரிப் புழுதி முழுக்க, அறையின் சூட்டை வெளியே தள்ளும் காயிலில் அப்பியிருந்தது. அதைச் சுத்தம் செய்யவேண்டும், அவ்வளவுதான். காயிலின் மேல் ஃபின் என்று நாங்கள் சொல்லும் அலுமினியத் தகடுகள் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக நின்றுகொண்டிருக்கும். நோட்டுப் புத்தகத்தின் தாளைவிடக் கொஞ்சம்தான் கனம். அவற்றுக்கு இடையே காற்று போனால்தான் சூடு வெளியேறும். மெத்தென்ற பிரஷ்ஷால், மேலிருந்து கீழாக, பொறுமையாகத் தள்ளவேண்டும். என் பையில் கம்பி பிரஷ்தான் இருந்தது. துரு சுரண்டுவதற்கு வைத்திருந்தது. மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரம் வேறு.

குறுக்கே இழுத்தேன். அழுக்கு நன்றாக உதிர்ந்தது. இன்னும் நாலு இழுப்பு. உதறிவிட்டுப் பார்த்தால், மேல்பாதி முழுக்கத் தகடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கிடந்தன. இடைவெளியே இல்லை. தகரத்தை ஒட்டவைத்ததுபோல் பளபளவென்று இருந்தது.

பார்த்தேன். புரிந்தது. பின்பக்கக் கம்பி வலையைத் திரும்ப மாட்டினேன். உள்ளே போய் மெஷினை ஓடவிட்டு, "ஆச்சும்மா, இனிமே ஜில்லுனு இருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, என் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்கு அந்தம்மாவிடமிருந்து போன் வந்தது. ஏசி அரைமணி நேரம் ஓடுகிறது, டக்கென்று நின்றுவிடுகிறது, அறை குளிரவே இல்லை என்றார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சூடு வெளியே போகாமல் கம்ப்ரஸர் கொதித்து நிற்கிறது.

மறுநாள் போனேன். அறையில் அந்தச் சிறுமி தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "இன்னிக்கு சரியாயிடுமா?" என்று கேட்டாள். நான் ஸ்குரூ டிரைவரை எடுப்பதுபோல் பைக்குள் குனிந்துகொண்டேன்.

தோட்டத்துக்குப் போய் வலையைக் கழற்றியதும் அந்தம்மாவும் பின்னாலேயே வந்து பார்த்தார். "என்ன தம்பி இது, இப்பிடி நசுங்கியிருக்கு?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நான் கொடியைப் பார்த்தேன். கொடியைத் தூக்கி நிறுத்தும் மூங்கில் கழி சுவரில் சாய்ந்திருந்தது.

"இந்தக் கழி இடிச்சிருக்கும்மா. துணி போடும்போது கவனிக்கிறதில்ல போலிருக்கு" என்றேன்.

துவைக்கிற கல்லருகே ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அந்த வீட்டில் ஆறு வருடமாகத் துணி துவைத்துப் பாத்திரம் தேய்ப்பவர். கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"நான் அந்தாண்ட போறதே இல்லமா. கழிய இப்பிடியேதான் சாத்துவேன். அதுமேல எப்பிடிப் படும்?"

"வேற யாரு வர்றாங்க இங்க?" என்றேன் நான். இதை யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வீட்டம்மாவைப் பார்த்தார். வீட்டம்மா உள்ளே போனார். தகடு நிமிர்த்த ஒரு சீப்பு வேண்டும், மெட்ராஸிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்படி ஒரு சீப்பு இருப்பது நிஜம். அது இல்லாமலும் மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம் என்பதும் நிஜம். அந்தத் தோட்டத்தில், துணி துவைப்பவரின் எதிரில் இன்னொரு மணி நேரம் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு வாரம் என்றது மூன்று வாரமானது. மருந்துக்கடைக்கு இரண்டு முறை போன் வந்தது. "கோலியனூர் வேலையா போயிருக்கார்னு சொல்லிடுங்க" என்று மருந்துக்கடைக்காரரிடம் கடையில் உட்கார்ந்துகொண்டே சொன்னேன். மூன்றாவது போனை அவர் என்னிடம் சொன்ன விதம் வேறு மாதிரி இருந்தது. "அந்தப் பொண்ண பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயி ரெண்டு நாள் வெச்சிருந்தாங்களாம். வீட்டுக்கு வந்து நாலு நாளாச்சாம். ஒன்னாண்ட சொல்லச் சொன்னாங்க. அவ்ளோதான்."

சீப்பு அதற்கு முன்பே வந்து மேசை டிராயரில் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. உச்சி வெயில். அந்தம்மா முக்காலியில் உட்கார்ந்து, தலையில் முக்காட்டுக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, லேஸ் பின்னும் ஊசியால் தகடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் முடித்திருந்தார். கொஞ்சம் நெளிவு இருந்தது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தது. அந்தத் தகடு பிளேடு மாதிரி அறுக்கும்.

"குடுங்கம்மா, நான் பண்றேன்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "ஆஸ்பத்திரியில இருந்து வந்து நாலு நாளா இதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். கழி இடிச்சா ஒரு எடத்துல குழி விழும். இது மொத்தமும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு, தலை வாரின மாதிரி. கம்பி கீறுன கோடு வரிசையாத் தெரியுது. நீங்க அன்னிக்கு என்ன பிரஷ் வெச்சிருந்தீங்க தம்பி?"

என் பையிலேயே அது இருந்தது. "கம்பி பிரஷ்ம்மா" என்றேன்.

அவர் ஊசியை மடியில் வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"துணி தொவைக்கிறவள நான் வேலைக்கு வர வேணாம்னுட்டேன். என் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடந்த கோவத்துல, வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். நான் பேசினதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க சொன்னதுக்கு நீங்க போய்ச் சொல்லுங்க."

ஊர்க்கோடியில் துணி துவைப்பவரின் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், களை எடுக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வரப்பில் நின்று கூப்பிட்டேன். இன்னும் ஏழெட்டுப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் களைக்கொட்டோடு எழுந்து வந்தார். தனியாக வாங்க என்று சைகை காட்டினேன். அவர் வரப்பைத் தாண்டவில்லை.

"இன்னா சொல்லணுமோ இங்கயே சொல்லுங்க."

சொன்னேன். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப தெரிஞ்சேதான் என்மேல போட்டீங்க."

"ஆமாங்க."

"இத அங்க வந்து சொல்வீங்களா? பாப்பாவும் கேக்கணும். நான் ஏசிய ஒடைச்சதாலதான் ஒடம்பு கெட்டுதுன்னு அது நெனச்சினு இருக்கும்."

அந்த யோசனையே அதுவரை எனக்கு வரவில்லை. இருவரும் நடந்தே போனோம். அவர் முன்னால், நான் பின்னால். அந்த அறையில், சிறுமியின் கட்டிலுக்கு எதிரில் நின்று, தகட்டை நசுக்கியது நான், பழியைப் போட்டதும் நான் என்று சொன்னேன். அந்தச் சிறுமி என்னை விட்டுவிட்டு அவரிடம் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வீட்டம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடு, நாளைலருந்து வந்துடு" என்றார்.

"பாப்பாவ பாக்க வர்றேன். வேலைக்கு வர்ல" என்றார் அவர். சிறுமியின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, வாசலில் யாரும் நிறுத்துவதற்குள் இறங்கிப் போய்விட்டார். ஆறு வருடம் அங்கே வேலை செய்தவர். வேலைக்குத் திரும்ப வரவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

மீதித் தகடுகளை நான் நிமிர்த்தினேன். சாயங்காலம்வரை ஆனது. அடுத்த கோடையில் அந்த வீட்டு ஏசிக்குப் பாண்டிச்சேரியிலிருந்து வேறு மெக்கானிக் வந்துபோவதாகக் கேள்விப்பட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது, அதுவும் ஒரு மாதிரி கேவலமான நிம்மதி.

பின்னாளில் ஏசி வேலையை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். மெக்கானிக்குகள் கூடும் டீக்கடையில் பேச்சு வந்தால் இந்தக் கதையைச் சொல்வதும் உண்டு. கம்பி பிரஷ், நசுங்கிய தகடு, வேலையை இழந்த பெண் எல்லாவற்றையும் சொல்வேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் பண்ணான்" என்றுதான் ஆரம்பிப்பேன். கேட்பவர்கள் அவனைத் திட்டுவார்கள். நானும் சேர்ந்து திட்டுவேன்.