மச்சாள் பழக்கிய சண்டை

என்னுடைய ஆட்கள் நான்கு பேரும் ஒரு குகை வாசலில் செத்துக் கிடந்த காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. கேடயம் பிடித்தவன் படிக்கட்டில் குப்புற விழுந்திருந்தான். வில்லுக்காரன் ஒரு அம்புகூட விட்டிருக்கவில்லை. சூனியக்காரி, தான் எறிந்த நெருப்பிலேயே எரிந்துபோனாள். காயம் ஆற்றுகிறவளை நரிமுகப் பூதமொன்று காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு லப்டொப்பின் திரை மெல்லச் சிவந்து, கறுத்துப்போனது. பக்கத்துக் கதிரையில் இருந்த மச்சாள் தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு, "திரும்ப முதல்ல இருந்து" என்றாள். குரலில் இரக்கமும் இல்லை, கேலியும் இல்லை.

மச்சாள் என் மனைவியின் தங்கை. சண்டைக் காலத்தில் அவர்களுடைய குடும்பம் படகேறி இந்தியாவுக்குப் போனபோது அவள் கைக்குழந்தை. தமிழ்நாட்டில் ஒரு முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்லூரியில் கணினி படித்தாள். மனைவி முன்னரே ஊருக்குத் திரும்பி என்னைக் கலியாணம் செய்திருந்தாள். மச்சாள் வெகு காலம் கழித்துத்தான் வந்தாள். அவளுடைய பேச்சில் "வாங்கோ"வும் "வாங்க"வும் கலந்து கிடக்கும். கோபம் வந்தால் முழுக்க முகாம் தமிழாகிவிடும். படிப்புக்கேற்ற வேலை அமையும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று மனைவி அவளைக் கூப்பிட்டுக்கொண்டாள். உண்மையில் பகலில் என்னைத் தனியே விட்டுவிட்டுப் பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போக மனைவிக்குப் பயம். அது என் விபத்துக்குப் பிறகான காலம்.

வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். தலைமன்னார் வீதியில் பொழுது மங்குகிற நேரம் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். நடு வீதியில் ஒரு கழுதை நின்றது. மன்னாரில் அது புதினமில்லை. ஹோர்ன் அடித்தாலும் அசையாது, நாங்கள்தான் விலத்திப் போக வேண்டும். அன்றைக்கு நான் விலத்திய பக்கத்தில் இன்னொரு கழுதை நின்றது. கண் விழித்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

எலும்புகள் ஒட்டிவிட்டன. ஆட்களின் பெயர்களோ முகங்களோ மறக்கவில்லை. தொலைந்துபோனது ஒழுங்கு. எதற்குப் பிறகு எது என்பது என் தலைக்குள் நிற்கவில்லை. தேத்தண்ணி போடப் போனால் சீனியும் பால்மாவும் கோப்பைக்குள் இருக்கும், அடுப்பு மூட்டப்பட்டிராது. சேர்ட்டைக் கழற்றாமலே தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றுவேன். மூளை மெல்ல மெல்லப் பழகும், பழகாமலும் விடலாம், பார்ப்போம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் குசினியில் பிளக் ஒன்று கழன்று தொங்குவதைக் கண்டு, மெயின் சுவிச்சை நிற்பாட்டாமலே வெறுங்கையால் வயரைத் தொடப் போய்விட்டேன். மனைவி பாய்ந்து வந்து சேர்ட்டைப் பிடித்து இழுத்ததில் இருவருமே தரையில் விழுந்தோம். என் தொழில் முழுவதும் ஒழுங்குதான். எதை முதலில் நிற்பாட்டுவது, எதைப் பிறகு தொடுவது என்று தெரியாதவன் ஒருநாள் சாவான், அல்லது வேறொருவரைச் சாகடிப்பான். அன்றே அவள் என் வயரிங் சாமான் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தாள். நானும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலையாயிற்று. மச்சாள் மூலையில் குந்தி, தன்பாட்டில் லப்டொப்பில் விளையாடிக்கொண்டிருப்பாள். ஒருநாள் எழுந்து வந்து மவுசை என் கையில் தந்தாள்.

நான் அறிந்த கொம்பியூட்டர் விளையாட்டு என்றால் கார் ஓட்டுவதும் சுடுவதும்தான். இது வேறு. இதில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. தரை முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். எங்களுடைய ஆட்கள் ஒவ்வொருவராக நகர வேண்டும், பிறகு பூதங்கள் நகரும். ஒருவர் தன் முறையில் ஓரிடத்துக்கு நடக்கலாம், ஒரு காரியம் செய்யலாம், அவ்வளவுதான். பூதத்துக்குப் பக்கத்தில் நின்றவன் விலகி நடந்தால் அது முதுகில் ஒரு அடி போடும். உயரத்தில் நிற்கிறவனுடைய அம்பு தூரம் போகும். எறிந்த நெருப்பு எறிந்த இடத்திலேயே நின்று எரியும். எங்கள் ஆள், அவர்கள் ஆள் என்று பார்க்காது. எல்லாம் இங்கிலிஸில் இருந்தன. மச்சாள் அவற்றுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தாள். கேடயக்காரன் தடியன். காயம் ஆற்றுகிறவளுக்கு, வெள்ளை உடுப்பில் வருவதால், சிஸ்டர் என்று பெயர். மாதா கோயிலில் கன்னியாஸ்திரிகளான சிஸ்டர்மாரைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்த காலமும் உண்டு.

ஒவ்வொரு முறையும் அவள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "இப்ப ஆருட முறை? அதுக்குப் பிறகு ஆருட முறை?" முதலாவதற்குப் பதில் சொல்வேன். இரண்டாவதைச் சொல்வதற்குள் முதலாவது கையை விட்டுப் போய்விடும். விளையாட்டை லேசான மட்டத்துக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். "மாத்தலாம் அத்தான். பூதங்கள் மொக்காகும், நீங்கள் கெட்டிக்காரன் ஆக மாட்டீங்கள்" என்றாள்.

கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மவுசைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். எனக்கு மூளை போய்விட்டது, அது விளங்கவில்லையா என்று கத்தினேன். அவள் எழுந்து போய், உருண்டு கிடந்த பற்றரியைத் தேடியெடுத்து மவுசுக்குள் போட்டாள். எனக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"நானும் இதில மாதக்கணக்காச் செத்துக்கொண்டுதான் இருந்தனான். என்ர தலையில ஒண்டும் அடிபடேல்ல."

அந்தச் சொல் என்னை என்ன செய்தது என்று அவளுக்குத் தெரிந்திராது. ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து, என்னால் முடியாத ஒவ்வொன்றுக்கும் என் தலைக் காயத்தையே காரணமாக வைத்திருந்தேன். இது எல்லோருக்கும் கஷ்டமான காரியம், சுகமாக இருப்பவர்களும் தோற்றுத் தோற்றுத்தான் பழகுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தோற்பது ஒரு நோயின் அடையாளமாக இல்லாமல் வெறும் தோல்வியாக இருப்பதில் எவ்வளவு ஆறுதல் இருக்கிறது! அதன் பிறகு நான் அமைதியாகத் தோற்றேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்துத் தோற்றேன்.

பிறகு வெள்ளம் நிறைந்த மண்டபம் வந்தது. எங்களைக் கண்டதும் பூதங்கள் தண்ணீருக்குள் இறங்கின. தடியன் முழங்காலளவு தண்ணீரில் நின்று அவற்றை மறித்துக்கொண்டிருந்தான். சூனியக்காரியிடம் மின்னல் இருந்தது. மச்சாள் வழக்கமான கேள்வியைக் கேட்க வாய் திறந்தாள். நான் கையைக் காட்டி மறித்தேன்.

"பொறு. தடியன் தண்ணிக்குள்ள நிக்கிறான். மின்னல் விட்டா அவனுக்கும் அடிக்கும்."

"அப்ப?"

"முதல் அவன் படியில ஏறட்டும். ஏறேக்க முதுகில அடி விழும், விழட்டும். சிஸ்டர் அதை ஆத்தட்டும். வில்லுக்காரன் எய்யாமல் நிக்கட்டும், காயப்பட்டா அதுகள் மேல ஓடி வந்திடும். கடைசியா மின்னல்."

சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். தண்ணீர் முழுவதும் நீலமாகப் பளிச்சிட்டது. பூதங்கள் நின்ற இடத்திலேயே சரிந்தன. நான் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். மச்சாள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், நாலு பேருட முறையையும் ஒழுங்கு பிசகாமச் சொன்னீங்கள்."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் முகம் கழுவப் போவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போனாள். திரும்பி வர வெகு நேரம் எடுத்தது.  அதுவரை நான் அந்த நாலு முறையையும் எனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், மனைவியிடம் சாமான் பெட்டியைக் கேட்டேன். விறாந்தைக் கூரையில் தொங்கும் பேனின் சுவிச் பழுதாகிக் கிடந்தது. அவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். மச்சாள் தலையை மட்டும் ஆட்டினாள். நான் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்தேன்: மெயினை நிற்பாட்டுகிறேன், கரண்ட் இருக்கிறதா என்று ரெஸ்ரரால் பார்க்கிறேன், இன்னொருக்கால் பார்க்கிறேன், இனி மூடியைக் கழற்றுகிறேன். அக்காவும் தங்கையும் வாசலில் நின்று பார்த்தார்கள். கடைசியில் மெயினைப் போட்டேன். பேன் சுழலத் தொடங்கியது. மனைவி அப்படியே நிலத்தில் குந்தி, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் இன்னொரு வயரிங்காரருக்கு உதவியாளாகப் போனேன். பிறகு மெல்ல மெல்லத் தனியே. மச்சாளுக்கு வேலையும் கலியாணமும் சரிவந்து, இப்போது வெள்ளாங்குளத்தில் இருக்கிறாள். என்னைச் சுகப்படுத்தத்தான் அதைப் பழக்கினாயா என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். "வைத்தியமோ? நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்க ஏலாமல் கிடந்தது, அவ்வளவுதான்" என்றாள். நான் நம்பினேன். வைத்தியம் என்று தெரிந்திருந்தால் ஒருவேளை என் தலை அதற்கும் இணங்கியிராது.

வேலைக்குத் திரும்பிய காலத்திலிருந்து ஒவ்வொரு நாள் மத்தியானமும் மனைவி என்னைப் போனில் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களோ என்றுதான் தொடங்குவாள், மெயினை நிற்பாட்டினீங்களோ என்றுதான் முடிப்பாள். போன கிழமை பாப்பாமோட்டையில் ஒரு புது வீட்டு வேலை. வேலை முடிந்து வீட்டுக்காரப் பெண் எல்லா லைற்றுகளையும் போட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் மனைவி அன்று கூப்பிடவேயில்லை என்பது எனக்கு உறைத்தது. என்னவோ ஏதோ என்று அவசரமாக வீட்டுக்கு வந்தேன். அவள் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். கையில் ஈரத் துணியோடு சற்று யோசித்தாள்.

"மறந்துபோனன்" என்றாள்.