பதினோரு மணிக் காப்பி

மகள் ஐந்தாம் மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். ரத்தம் கொஞ்சம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அந்த அட்டையைக் கிழித்தாலே மழையில் நனைந்த ஜன்னல் கம்பியை மோந்த மாதிரி ஒரு வாடை. போன புதன்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு அவள் மாத்திரையைக் கையில் எடுத்தாள். நான் ஓடிப்போய் டம்ளர் நிறையக் காப்பி கொண்டுவந்து நீட்டினேன். அம்மாக்களுக்கு வேறென்ன வேலை?

"ஐயோ, காப்பியோட போடக் கூடாதும்மா. காப்பி, டீ எது சேந்தாலும் அந்தச் சத்து ஒடம்புல ஒட்டாதாம். நர்ஸம்மா சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் போனா ஒரு டம்ளர் குடிச்சிக்கலாம். பதினோரு மணிக்கு குடு, போதும்."

மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அவள் செல்போனோடு உட்கார்ந்துவிட்டாள். நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். பதினோரு மணி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு முன் பார்த்த வேறொரு டம்ளர் ஞாபகம் வந்துவிட்டது. கடலூரில், ஆபீஸ் கேண்டீனில், விஜயாவின் கையில் இருந்த டம்ளர். அதைப் பார்த்துத்தான் நான் அவளைப் பற்றி ஒரு முடிவு கட்டினேன், அவளோடு பேசுவதையும் விட்டேன்.

அப்போது நான் கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சிதம்பரத்திலிருந்து காலை பாசஞ்சரில் சீசன் டிக்கெட்டில் போய்வருவேன். மீட்டர் கேஜ் வண்டி. கிள்ளையில் நிற்கும், பரங்கிப்பேட்டையில் நிற்கும், ஒன்றுமில்லாத இடத்திலும் நிற்கும். லேடீஸ் பெட்டியில் எங்கள் மூன்று பேருக்கு என்று ஒரு ஜன்னலோர இடம். நானும் விஜயாவும் சிதம்பரத்தில் ஏறுவோம். விஜயாவின் பிறந்த வீடு பெண்ணாடம் பக்கம், கரும்பு போடுகிற குடும்பம். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தவள். என் ஆபீஸிலேயே வேறு செக்‌ஷன். பரங்கிப்பேட்டையில் நூர்ஜஹான் அக்கா ஏறுவார். லால்பேட்டையில் பிறந்து பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர், கடலூர் முதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

எங்கள் பெட்டியில் ஒரு முறை இருந்தது. விஜயா டிபன் கொண்டுவருவாள், நூர்ஜஹான் அக்கா ஏதாவது இனிப்போ பிஸ்கட்டோ. காப்பி என் பொறுப்பு. அக்கா ஏறி உட்கார்ந்ததும் பிளாஸ்க் மூடி திறக்கும். ஆலப்பாக்கம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் ரசாயன ஆலைகளின் வாடை ஜன்னல் வழியாக வந்துவிடும். அந்த வாடையில் அமிர்தத்தைக் கொடுத்தாலும் மருந்து மாதிரித்தான் இருக்கும்.

என் காப்பியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது அடக்கத்துக்காகச் சொல்வது. சிதம்பரம் மேலவீதியில் கொட்டை வறுக்கிற கடையில் எனக்கென்று ஒரு கலவை. சிக்கரி இவ்வளவுக்கு மேல் போடாதே என்று கடைக்காரரோடு வாதாடுவேன். முதல் டிகாஷனைத் தவிர எதையும் பிளாஸ்க்கில் ஊற்றமாட்டேன். கடலூர் ஜில்லாவிலேயே இப்படி ஒரு காப்பி கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு பிரஷருக்கு மாத்திரை போடுகிறேன், டாக்டர் இரண்டு டம்ளரோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். டம்ளர் எவ்வளவு பெரியது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தத் தலைக்கனத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் காலனிக்காரர்கள். அப்பாவுக்கு அவர் ஊர் டீக்கடையில் தனி கிளாஸ். கூரையில் செருகியிருக்கும். அவரே எடுத்து, அவரே வெளியில் நின்று குடித்து, அவரே கழுவி வைக்க வேண்டும். பியூன் வேலை கிடைத்துச் சிதம்பரம் வந்த பிறகு, இங்கே யாரும் தனி கிளாஸ் கொடுக்காவிட்டாலும், அப்பா கடையில் டீ குடிப்பதையே விட்டுவிட்டார். காப்பி வீட்டில்தான், அதுவும் நல்ல காப்பிதான். என் முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு பித்தளை பில்டர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் போட்ட காப்பியை ஓடுகிற ரயிலில் பெண்கள் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! பிளாஸ்க்கைக் கழுவும்போதுகூட எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

விஜயாவுக்கு ரத்தசோகை. கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் ரத்தம் ஜாஸ்தியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆபரேஷன் பண்ண வேண்டும், ஆனால் ரத்தம் ஏறினால்தான் பண்ணுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாள் குறிப்பார்கள், முதல் நாள் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு தடவை இப்படி ஆயிற்று. நாங்கள் இறங்குகிற திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் படி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்பாள். உதடெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

அவள் மாத்திரை போடுவது ரயிலில், இட்லி சாப்பிட்ட கையோடு. எதில் போடுவாள்? என் காப்பியில்தான்.

"தண்ணில போட்டா கொமட்டுதுடி. ஒன் காப்பில போட்டா உள்ள போறதே தெரியல."

இதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? அவளுக்கு மட்டும் இன்னொரு மூடி ஊற்றுவேன். அசதியாக இருக்கிறது என்பாள், ஸ்ட்ராங்காகப் போட்டுக் கொண்டுபோவேன். "குடி, தெம்பா இருக்கும்" என்று வற்புறுத்துவேன். ஆடியில் ஆரம்பித்துத் தை மாதம் வரை இப்படியே போயிற்று. பிரியமாகத்தான் ஊற்றினேன். அவள் விழுங்கிய அத்தனை மாத்திரையையும் என் காப்பி வீணாக்கிக்கொண்டிருந்தது என்று போன புதன்கிழமை வரை எனக்குத் தெரியாது.

அந்தத் தை மாதம் என் தம்பிக்கு எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். விஜயாவைக் கூப்பிட்டிருந்தேன். அதுவரை அவளுக்கு எங்கள் தெரு தெரியாது. நான் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. காலனி என்று எழுதிய தெருமுனைப் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் வந்திருப்பாள். வந்தாள், சாப்பிட்டாள், அம்மா கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். அம்மாவுக்கு அன்று முழுக்க அதே பேச்சு.

மூன்று நாள் கழித்து, ரயிலில், நான் மூடியில் ஊற்றி நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"இனிமே காலையில எனக்கு வோணான்டி. டாக்டரம்மா வோணாம்னுட்டாங்க."

"காப்பியவா? எந்த டாக்டர் காப்பிய வோணாம்னு சொல்லுவாங்க?"

"இன்னாமோ சொன்னாங்க, எனக்கே சரியா புரியல. மாத்திர போடறப்ப வோணாமாம்." சிரித்தாள். பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு முகம் சுளித்தாள்.

அந்தக் காலத்தில் காய்ச்சல் என்று படுத்தால் ஆஸ்பத்திரியிலேயே காப்பியும் பன்னும் கொடுப்பார்கள். டாக்டர் காப்பியைத் தடுத்தார் என்று நான் கேட்டதே கிடையாது. மனசு எங்கே போகும்? எங்கள் தெருவைப் பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள், அங்கே யாரோ அவளைத் திட்டியிருக்கிறார்கள் என்றுதான் போயிற்று. அப்பாவின் கூரைக் கிளாஸ் என் கையிலேயே இருப்பது போலிருந்தது. ஆனாலும் அன்றைக்கே முடிவு கட்டவில்லை. ஒருவேளை நிஜமாக இருக்கலாம் என்று ஒரு மூலையில் வைத்திருந்தேன்.

அந்த வாரமே, பதினோரு மணிக்கு, ஒரு பைலை எடுத்துக்கொண்டு கேண்டீன் வழியாகப் போனேன். விஜயா அவள் செக்‌ஷன் ஆட்களோடு நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "வாடி, வாடி" என்றாள். என்னிடம் வேண்டாம் என்றவள், கேண்டீனில் குடிக்கிறாள்! அதுவும் எனக்குக் காட்டிக் குடிக்கிறாள்! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். டைப் அடிக்கக் கை ஓடவில்லை, ஒரே கடிதத்தை மூன்று தரம் அடித்தேன்.

அவள் எட்டரைக்கு மாத்திரை போட்டாள், பதினோரு மணிக்குக் காப்பி குடித்தாள். என் மகள் சொன்ன அதே கணக்கு. ரெண்டு மணி நேரம்.

மறுநாளிலிருந்து பிளாஸ்க் கொண்டுபோகவில்லை. நூர்ஜஹான் அக்கா கேட்டபோது, உள்ளே கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். வீட்டிலும் வீம்புக்குக் காப்பி குடிக்கவில்லை. இரண்டாம் நாள் மண்டை பிளந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அவமானம் தாங்காமல்தான் இப்படி வலிக்கிறது என்று எனக்கு நானே இரக்கப்பட்டுக்கொண்டேன். அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"காப்பிய விட்டுட்டியா? எங்களுக்கும் நோம்பு மொத மூணு நாளு இப்பிடித்தான் மண்டய இடிக்கும். அதுக்குத்தான் நா பத்து நாளு முன்னாடியே டீய கொறச்சிக்குவேன். பழக்கப்பட்ட ஒடம்பு, திடீர்னு நிறுத்துனா கேக்கும்ல."

அக்கா சொன்ன மாதிரியே நாலாம் நாள் வலி போய்விட்டது. கோபம் போகவில்லை. நான் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தேன்.

இரண்டு மாதம் கழித்து விஜயாவுக்கு ஆபரேஷன் நடந்தது. ரத்தம் ஏறிவிட்டதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி எங்கள் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரம். திரும்பி வந்தபோது உதட்டில் நிறம் வந்திருந்தது, படியில் நிற்காமல் ஏறினாள். அதையெல்லாம் தூரத்திலிருந்து கவனித்தேன். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவளுக்குத் திட்டக்குடிக்கு மாற்றல் வந்தது. பிறந்த வீட்டுக்குப் பக்கம் என்று அவளே கேட்டு வாங்கியது. கடைசி நாள் காலை என் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு புது பிளாஸ்க், பச்சை நிறம், மூடியில் பூப்போட்டது.

"ஒன் பிளாஸ்க் ஒடஞ்சி போச்சுன்னு அக்கா சொன்னாங்க. சும்மா குடுக்கக் கூடாதுன்னு நானே காப்பி போட்டு எடுத்தாந்தேன். ஒன் காப்பி மாரி இருக்காது. திட்டாத."

மூடியில் ஊற்றி நீட்டினாள். ஆவி என் முகத்தில் பட்டது. நான் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுக்காமல் சொன்னேன்: "எனக்கு வோணாம். டாக்டர் வோணாம்னுட்டாரு."

 நான் எதிர்பார்த்த மாதிரி அவள் முகம் சுருங்கவில்லை. "ஐயோ, இன்னாடி பண்ணுது ஒனக்கு?" என்றாள். நான் டைப் அடிக்க ஆரம்பித்தேன். மூடியிலிருந்ததைத் திரும்பவும் பிளாஸ்க்கில் ஊற்றி, இறுக்கி மூடி, மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "ஒடம்ப பாத்துக்க" என்று போனாள். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தக் காப்பியை வாசல் ஜலதாரையில் கொட்டினேன். அவ்வளவு நேரத்துக்கு அப்புறமும் அது சூடாகத்தான் இருந்தது.

மகள் சொன்ன அந்தப் புதன்கிழமை மத்தியானம் நூர்ஜஹான் அக்காவுக்குப் போன் போட்டேன். ரிட்டயராகிப் பரங்கிப்பேட்டையில்தான் இருக்கிறார். விஜயாவின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். 

"ஒனக்குத் தெரியாதா? அவ மவுத்தா போயி மூணு வருசமாச்சும்மா. மூளயில ரத்தம் கசிஞ்சி எறந்துட்டா. நா போயிட்டு வந்தேன்."

 "என்னப் பத்தி எப்பவாச்சும் பேசுவாளாக்கா?" என்றேன்.

"போன் பேசுறப்பல்லாம் கேப்பாளே! அவளுக்கு டாக்டர் காப்பி வோணாம்னுட்டாராமே, அவ்ளோ நல்லா காப்பி போடுற புள்ள, இன்னா நோவுன்னு கேட்டா சொல்லவே இல்ல, இப்ப எப்பிடிக்கா இருக்கான்னு. எனக்கு இன்னா தெரியும்? நல்லா இருக்கான்னு சொல்லுவேன்."

அந்த பாசஞ்சரும் மீட்டர் கேஜும் போய், அகலப்பாதையில் இப்போது வரும் வண்டிகள் வெள்ளாற்றுப் பாலத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுகின்றன. உள்ளே கண்ணாடி வைத்த பிளாஸ்க்கை யாரும் தூக்கிவருவதில்லை. அந்தப் பச்சை பிளாஸ்க்கை நான் ஒரு நாளும் உபயோகிக்கவில்லை, வீடு மாறியபோது யாருக்கோ கொடுத்துவிட்டேன். யாருக்கு என்றுகூட ஞாபகமில்லை. அவள் சொன்ன நிஜத்தை நான் நம்பாமல் போனேன். என் பொய்யை நம்பி, சாகும்வரை என் உடம்பைப் பற்றி விசாரித்திருக்கிறாள்.

பதினோரு மணிக்கு இப்போதெல்லாம் மகளுக்குக் காப்பி போடுகிறேன். எனக்கும் அரை டம்ளர். எனக்கு எந்த நோயும் இல்லை விஜயா, அன்றைக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன் என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு அவள் இல்லை.