ட்ரையருக்கு டிரெக்ட் குடுத்த கதை

வெயில் அடிக்கும்வரை ஊரில் யாரும் மதிக்காத தொழில் ஒன்று உண்டென்றால், அது பிறர் உடுப்பைக் காயவைத்துக் கொடுக்கிற என்னுடைய தொழில்தான். மற்ற மாதங்களில் மானிப்பாயில் கொடியில் போட்ட துணி, போட்டவர் உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருமுன் காய்ந்துவிடும். அப்போதெல்லாம் என்னைக் கண்டால் "என்ன றஞ்சி, மெஷின் நித்திரையோ?" என்று பகிடி. கார்த்திகை மழை பிடித்ததும் பகிடி விட்ட அதே ஆட்கள் ஈர உடுப்பைச் சொப்பிங் பையில் திணித்துக்கொண்டு என் வாசற் படலையில் நிற்பார்கள்.

லண்டனில் என் தங்கை வீடு மாறியபோது தன் பழைய ட்ரையரைச் சாமான் பெட்டிகளோடு சேர்த்து எனக்கு அனுப்பிவிட்டாள். என் கணவருக்கு வவுனியாவில் வேலை, மாதத்தில் ஓரிரு முறைதான் வருவார். சும்மா இருப்பானேன் என்று முன் அறையில் அதை வைத்துத் தொழிலைத் தொடங்கினேன். அது சூடான காற்றை ஊதி உடுப்பை உருட்டி உருட்டிக் காயவைக்கும். ஈரக் காற்றை ஒரு குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே தள்ளும். அந்தக் குழாயைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், என் வயிற்றெரிச்சல் முழுவதற்கும் அதுதான் காரணம்.

அரைவாசிக் காய்ச்சல்

அடுத்த ஒழுங்கையில் இருக்கிற ஒரு அம்மா தன் வீட்டுப் பள்ளிக்கூட உடுப்புகளையெல்லாம் கொண்டுவந்து போட்டார். பிழியவே இல்லை. என் வாசலில் இருந்து மெஷின் வரைக்கும் தண்ணீர் ஒழுகி, நான் சாக்குப் போட்டுத் துடைக்கவேண்டி வந்தது. அதையும் சகித்துக்கொண்டு மெஷினைப் போட்டுவிட்டேன்.

பாதியில் மழை விட்டு, முகிலுக்குள்ளால் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. உடனே அம்மா குடையை மடித்துக்கொண்டு ஓடி வந்தார். மெஷினை நிறுத்தி உடுப்பை வெளியே எடுக்கட்டாம். அரைவாசிதான் காய்ந்திருக்கிறது என்றேன். அதைத்தான் அவரும் சொன்னார், அரைவாசி காய்ந்தது போதுமாம். வாங்கிக்கொண்டு போய் அவர் கொடியில் போட்டு முடிக்க, வானம் திரும்பவும் பொத்துக்கொண்டது. பின்னேரம் அதே உடுப்பு, முன்னையதைவிட ஈரமாக, அதே பையில் வந்தது. இதற்கு நான் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று நீங்களே சொல்லுங்கள். அவருடைய முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

"ஏற்கெனவே பாதி காய வச்சனீங்கள்தானே றஞ்சி, இப்ப மிச்சப் பாதியை மட்டும் காய வச்சுத் தாங்கோ."

மூலைக்கு மூலை

என்னைப் பகிடி பண்ணாத ஒரே ஆள் ஞானம் அண்ணை. தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பவளம் ரீச்சர் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தையல் படிப்பித்தவர். போன வருடம் பாரிசவாதம் வந்து ரீச்சர் படுக்கையோடு கிடக்கிறார். ஒரு நாளில் பல தடவை பெட்சீற் மாற்றவேண்டும். ஈரச் சீற்றில் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும், புண் வந்தால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் மழை தொடங்கிய நாளிலிருந்து அண்ணை தினமும் சைக்கிளில் வருவார். மழைக்கோட்டு தனக்கு அல்ல, பைக்குத்தான். தான் தெப்பமாக நனைந்து வருவார், போகும்போது காய்ந்த சீற்றில் ஒரு துளி படவிடமாட்டார்.

ரீச்சருக்குக் கையும் காலும் வழங்காமல் போனதே தவிர, குறை பிடிக்கும் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் நான் விளிம்பு தைத்த கைலேஞ்சியை எல்லோருக்கும் முன்னால் பிரித்துப் போட்டவர் அவர். இப்போது என் மடிப்பைப் பிடித்துக்கொண்டார். கொதிக்கக் கொதிக்க வெளியே எடுத்த சீற்றை விரல் சுட மடித்துக் கொடுத்தால் நன்றி வராது, மறுநாள் காலை தீர்ப்புத்தான் வரும். வாய் குழறினாலும் தீர்ப்பு மட்டும் குழறாது. அண்ணை சைக்கிளை நிறுத்திவிட்டு, பாவம், என் முகத்தைப் பார்க்காமல் சொல்லுவார்.

"குறை நினைக்காதை பிள்ளை. மூலைக்கு மூலை சேரேல்லையெண்டு உன்னட்டைச் சொல்லச் சொன்னவ."

வாடிக்கையாளர் சேவை

விடாமழை பெய்த ஒரு நாளில் மெஷின் சுற்றியது, ஆனால் சூடு வரவில்லை. உடுப்பு உள்ளே சும்மா ஊஞ்சல் ஆடிவிட்டு அதே ஈரத்தோடு வெளியே வந்தது. தங்கைக்கு வட்ஸ்அப்பில் சொன்னேன். நீ தொடாதே, படித்த ஆளைக் கூப்பிடு என்றாள். அங்கே கூப்பிட்டால் மறுநாளே வருவார்களாம். இங்கே எந்த ஆளை நான் கூப்பிடுவது என்று கேட்டேன்.

மெஷின் கம்பனியின் கொழும்புக் கிளைக்குப் போன் எடுத்தேன். பாட்டு, பிறகு ஒரு பெண் குரல், பிறகு திரும்பவும் பாட்டு. கடைசியில் ஒரு தம்பி வந்தார். மெஷினைக் கொழும்புக்குக் கொண்டுவந்தால் பார்க்கலாமாம். இரண்டு பேர் பிடித்தாலும் அசையாத சாமானை நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவதா என்று கேட்டேன். படுக்கையில் ஒரு நோயாளி காய்ந்த சீற்றுக்குக் காத்திருக்கிறார் என்றும் சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"யாழ்ப்பாணத்துல நல்ல வெயில்தானே மிஸ், எதுக்கு மெஷின் வாங்கினீங்க?"

டிரெக்ட்

எங்கள் பக்கத்து வீட்டு ராசன் அண்ணை தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர். ட்ரையர் வந்த நாளில் சுவரில் ஓட்டை போட்டு, குழாய் பூட்டி, எல்லாம் செய்து தந்தவர் அவர்தான். அவரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு நான் சேர்ச்சில் கரோல் பழகப் போனேன். வந்து பார்த்தால் மெஷின் கொதித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பிவிட்டு, ரீச்சரின் சீற்றுகளை உள்ளே போட்டேன். அவற்றில் ஒன்று ரீச்சர் நல்லாயிருந்த காலத்தில் தன் கையாலேயே கரை முழுக்கப் பூ வேலை செய்தது.

குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபோது கருகல் மணம் வந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. பூ வேலைச் சீற்றின் நடுவில் கறுப்பும் மண்ணிறமுமாக ஒரு பெரிய வட்டம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சீற் என்ன, வீடே போயிருக்கும். மனிசன் என்ன செய்தார் என்றால், சூடு கூடினால் தானாகவே அறுந்து சூட்டை நிறுத்துகிற காவல் பியூஸ் பின்பக்கத்தில் இருக்கிறது. அது அறுந்திருந்தது. ஏன் அறுந்தது என்று பார்க்காமல், அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி விட்டிருக்கிறார். இதற்குப் பெயர் டிரெக்ட் குடுக்கிறது. எங்கள் ஊரில் பாதிச் சாமான் டிரெக்டில்தான் ஓடுகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எதுவும் கிடைக்காமல் பழகிய கை, இப்போது எல்லாம் கிடைத்தாலும் அதைத்தான் செய்கிறது. கருகிய சீற்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்துச் சத்தம் போட்டேன். ஒழுங்கையே கேட்டிருக்கும். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து எழும்பவும் இல்லை.

"சண்டைக்காலத்திலை மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓட்டின ஆள் நான். எனக்கு உந்தப் பியூஸைப் பற்றி நீ சொல்லித்தராதை."

ஒன்றும் சொல்லவில்லை

ஞானம் அண்ணையிடம் சீற்றைக் கொடுக்க எனக்குக் கை கூசியது. அவர் விரித்துப் பார்த்தார், மடித்து வைத்துக்கொண்டார், சரி பிள்ளை என்றார். மற்றச் சீற்றுகளை அயன் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்துக் கொடுத்தேன். ஆவி பறக்கும், தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும், ஆறியதும் ஈரம் திரும்பி வந்துவிடும். அவர் வீட்டில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டதில் சீற்றெல்லாம் புகை மணம்.

அடுத்தடுத்த நாள்களில் அவர் வரும்போதெல்லாம் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். மடிப்பைப் பற்றி ஒன்றும் வரவில்லை. நானே வலியக் கேட்டேன், ரீச்சர் ஏதும் சொன்னவவோ என்று. முதுகு சிவந்துபோய்க் கிடக்கிறது, தாதி வந்து பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார் என்றார். இப்போது கேட்டதற்குக்கூட வாய் திறக்கிறார் இல்லையாம், சுவரைப் பார்த்தபடி கிடக்கிறாராம். ரீச்சர் கையால் பூப்போட்ட சீற்றைக் கரித்தவளுக்கு அவர் வையாமல் விட்டது வைததைவிட மோசமாக இருந்தது.

"எரிஞ்ச சீற்றையும் காட்டினனான் பிள்ளை. பாத்தவ. ஒண்டும் சொல்லேல்லை."

சோற்றுச் சூடு

இனி ஒருவரையும் நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, பின்தகட்டை நானே கழற்றினேன். ராசன் அண்ணை முறுக்கிய வயர்களைப் பிரித்தேன். மெஷினுக்கு அடியில் அவர் எறிந்த பழைய பியூஸ் கிடந்தது. அதில் எவ்வளவு சூட்டுக்கு அறும் என்று இலக்கம் போட்டிருந்தது. அதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் பஸ் ஏறினேன்.

மின்சாதனக் கடைக்காரர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்றும் பார்த்தார். ஆர் வேலை செய்யிறது, அவரை அனுப்புங்கோ என்றார். நான்தான் செய்கிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். குறடு பிடித்தால் என் கை என்ன கழன்றா விழுந்துவிடும்? பிறகு ஒரு பெட்டியைக் கிண்டி, ரைஸ் குக்கருக்குப் போடுகிற பியூஸ் ஒன்றை நீட்டினார். இலக்கம் வேறு. இது வேண்டாம், இதே இலக்கம்தான் வேண்டும் என்று மேசையை விட்டு நகராமல் நின்றேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் என்னைத் துரத்துவதற்காகவே உள்ளே போய், அலுமாரிக்கு மேலே இருந்து சரியானதை எடுத்து வந்தார். இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. தரும்போது எனக்கு அறிவுரையும் தந்தார்.

"சோறு அவியுற சூடும் சூடுதான், உடுப்புக் காயுற சூடும் சூடுதான் தங்கச்சி. பொம்பிளையள் எல்லாத்தையும் பெரிசாக்கிறது."

வலை

புதுப் பியூஸைப் பூட்டுமுன், பழையது ஏன் அறுந்தது என்று பார்க்கச் சொல்லி வீடியோவில் இருந்தது. காற்று வெளியே போகாமல் அடைபட்டால் உள்ளே சூடு கூடுமாம். குழாயைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே கொஞ்சம் பஞ்சுதான். பிறகு மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே போய், சுவரில் குழாய் முடிகிற இடத்தைப் பார்த்தேன். அங்கே ஓட்டையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு தலையணைதான் தெரிந்தது.

ஓரத்தை நெம்பி, உள்ளே கைவிட்டு இழுத்தேன். ஊருலகத்து உடுப்பில் இருந்து கழன்ற நூலும் பஞ்சும் ஈரத்தில் இறுகி, மெத்தை போலத் திரண்டு வந்தது. அதை மறித்துக்கொண்டு முன்னால் நுளம்பு வலை, அதுவும் இரட்டை மடிப்பாக, கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. மழைக்குப் பாம்பு, பல்லி உள்ளே வந்துவிடும் என்று ராசன் அண்ணை என்னிடம் சொல்லாமலே செய்து வைத்த உபகாரம். மனிசன் வலையைக் கட்டி மெஷினின் மூச்சை அடைத்தார், மூச்சு அடைபட்டுப் பியூஸ் அறுந்தது, அறுந்த பியூஸுக்கு டிரெக்டும் குடுத்து வீட்டைக் கொளுத்தப் பார்த்தார். நடுவில் என் கையால் வடையும் தின்றார். அந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்குப் போய் அவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியே, நான் கட்டின வலை ஒரு பொட்டுத் தூசியை வெளியிலை விடேல்லை."

கடைசிக் குறை

வலையை வெட்டி எறிந்தேன். பாம்பு வராமல் இருக்க, காற்று அடித்தால் திறந்து, நின்றால் மூடுகிற மாதிரி ஒரு தகரத்தைக் கொழுவி விட்டேன். புதுப் பியூஸைப் பூட்டி, பயந்து பயந்து பிளக்கைப் போட்டேன். மெஷின் சுற்றியது, சூடும் வந்தது, அளவோடு வந்தது. அன்றைக்கு வேறு யாருடைய உடுப்பையும் வாங்கவில்லை. ஞானம் அண்ணை வீட்டுச் சீற்றுகள் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லி, பக்கத்தில் ஸ்ரூல் போட்டு இருந்து காயவைத்தேன். ஆறவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஈரம் திரும்பி வரவில்லை. என்னால் முடிந்த அளவுக்கு மூலைக்கு மூலை சேர்த்து மடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் கொடுத்தேன். முதுகின் சிவப்பு குறைகிறது என்றார் அண்ணை, ஆனால் ரீச்சர் இன்னும் வாய் திறக்கவில்லை என்றார். நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்டவாக ஒரு காலை, அண்ணையின் சைக்கிள் வழக்கத்தைவிட முந்தி வந்து படலையில் நின்றது. கையில் பை இல்லை. மாவு பிசைந்த கையோடு ஓடினேன். அவருக்கு மூச்சு வாங்கியது, முகம் முழுக்க நனைந்திருந்தது, மழையா வேறா என்று தெரியவில்லை. பிறகுதான் பார்த்தேன், மனிசன் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"விடியக் கதைச்சவ பிள்ளை. வெயிலிலை காஞ்ச சீற்றின்ரை வாசம் இதிலை இல்லையாம். உன்ரை மடிப்பு இப்பவும் கோணலாம்."

மழையை வென்று, மெஷினை வென்று, ராசன் அண்ணையையும் வென்று, கடைசியில் வெயிலிடம் தோற்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது என்றால், அதை நான் அழுகையும் ஆத்திரமுமாக இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.