தூறல் பின்னல் ஸ்டெல்லா மேரியுடையது

ஸ்டெல்லா மேரி இறந்த செய்தி வந்தபோது நான் திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் கடற்கரை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய கணவர் அந்தோணி அண்ணன்தான் பேசினார். "வசந்தா, ஸ்டெல்லா பூட்டாம்மா" என்றார். வழக்கமாக அவள் எண்ணூரில் ஏறி எனக்கு இடம் பிடித்துவைத்திருக்கும் வண்டி வந்து நின்றது. நான் ஏறவில்லை. எதிர் நடைமேடைக்குப் போய், அவள் வீட்டுப் பக்கம் போகும் வண்டிக்குக் காத்திருந்தேன்.

அங்கே நிற்கும்போதே போனில் இன்னொன்று வந்தது. எங்கள் பழைய பின்னல் குழுவின் தலைவி இரங்கல் போட்டிருந்தார். ஸ்டெல்லாவின் படம், பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி, கீழே "என் அன்பு மாணவிக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று ஒரு வரி. 'மாணவி' என்ற சொல்லைப் படித்ததும் என் அழுகை நின்றுவிட்டது. ஸ்டெல்லாவை அறிந்த உங்களுக்கு நான் இதை எழுதுவது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

தலைவியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஸ்டெல்லாவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவருக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை. அவர் இதைப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும். படிக்கட்டும்.

நானும் ஸ்டெல்லாவும் ராயபுரத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் அடுத்தடுத்த மேசைக்காரர்கள். கன்டெய்னர் லாரி தாமதமானால் ஓட்டுநரை அவள் போனில் வாங்கும் வாங்கு மாடிப்படி வரை கேட்கும். அப்படிப்பட்டவளை ஓர் ஊசியின் முன்னால் உட்காரவைத்தது அவள் மகள் ஜெனி. நர்ஸ் வேலைக்கு ஒரு பனி நாட்டுக்குப் போன ஜெனி, "அம்மா, கழுத்துதான் ஜில்லுனு கீது" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். மறுநாளே ஸ்டெல்லா மஃப்ளர் பின்னக் கற்றுத்தரும் குழுவைப் போனில் தேடிப்பிடித்தாள். என்னையும் இழுத்துவிட்டாள். "எனுக்குக் குளிருதாடி?" என்று கேட்டேன். "ஆபீஸ் ஏசி கீதே, அதுக்குப் போட்டுக்கோ" என்றாள்.

ஞாயிறு மதியம் வீடியோவில் வகுப்பு. குன்னூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் வருவார்கள். வாரம் ஒரு புதுப் பின்னல். அதைக்கொண்டு மஃப்ளரில் ஒரு பகுதி. எல்லோரும் ஒரே பகுதியை ஒரே நேரத்தில் பின்னவேண்டும். கடைசி வாரம் எல்லோர் கையிலும் ஒரு மஃப்ளர் முடிந்திருக்கும். முதல் வகுப்பில் தலைவியின் முகம் திரையில் வந்ததும் ஸ்டெல்லா பூரித்துப்போனாள். "ஏய், நீ நம்ப கல்மண்டபத்துப் பொண்ணுதானே? ஞாயித்துக்கெயம கோயில்ல என் பக்கத்துல நின்னு பாடுவியே!" என்று கத்தினாள். தலைவியின் முகம் மாறவே இல்லை. "நீங்கள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், மேடம்" என்று வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் சொல்லிவிட்டு, ஊசி பிடிப்பது எப்படி என்று தொடங்கினார்.

அடுத்தடுத்த வகுப்புகளில் ஸ்டெல்லா சந்தேகம் கேட்டபோதெல்லாம் இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "இன்னா மேடம், இந்தக் கண்ணி திரும்பிக்கினு நிக்கிது?" என்று ஊசியில் நிற்கும் நூல் வளையத்தைக் காட்டிக் கேட்டால், பதிலுக்கு முன்னால் சிரிப்பு வரும். பிறகு குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. கேள்விகளை நாகரிகமான தமிழில் கேட்கவேண்டுமாம். வீட்டில் குழந்தைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அன்று முதல் ஸ்டெல்லாவின் முகம் திரையில் வந்தவுடன் தலைவி அவளுடைய குரலை அணைத்துவிடுவார். மற்றவர்கள் பேசலாம். இவள் பேசக்கூடாது. மறுநாள் ரயிலில் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "வாயத்தானே மூடுனா? கை கீதில்ல" என்றாள்.

அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். முறுக்குப் பின்னல் வந்த வாரம் நாங்கள் எல்லோருமே தடுமாறினோம். கயிறு திரிவதுபோல் கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவேண்டும். அதற்குச் சில கண்ணிகளை இன்னொரு சின்ன ஊசிக்கு மாற்றி முன்னாலோ பின்னாலோ நிறுத்திவைத்து, அடுத்தவற்றை முதலில் பின்னவேண்டும். அந்தச் சின்ன ஊசி ஸ்டெல்லாவிடம் இல்லை. மறுநாள் ரயிலில் கொண்டையில் செருகியிருந்த குச்சியை உருவி அதில் மாற்றினாள். தலைமுடி முதுகெல்லாம் அவிழ்ந்து விழுந்தது. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த காசிமேட்டு மீன்காரம்மா, "இன்னாமே, ரயிலுக்குள்ளயே வலை பின்றியா?" என்றார். வண்ணாரப்பேட்டை தாண்டும்போது முறுக்கு ஒன்று எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தது. யாருக்கும் தெரியாது, விடு என்றேன். "எனுக்குத் தெரிஞ்சுபோச்சே" என்று சொல்லி, அத்தனையையும் இறங்குவதற்குள் பிரித்துவிட்டாள்.

தூறல் பின்னல் பிறந்தது ஒரு தவறில். மேசையில் வைத்திருந்த மஃப்ளரின் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவிக் கீழே ஓடியது. ஓடிய தடத்தில் ஏணிபோல் மெல்லிய குறுக்கிழைகள் நின்றன. நான் பதறினேன். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, "தூறல் போட்டா மாதிரி கீது, பாரு" என்றாள். அன்றிலிருந்து அதைப் பழக்குவதே அவள் வேலையானது. ஓடுகிற கண்ணியை எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். எத்தனையோ முறை பிரித்துப் பின்னியபின் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். தூறல் எந்த வரிசையில் நிற்கவேண்டுமோ, அந்த வரிசையில் ஊசியில் நூலை ஒரு சுற்று சும்மா சுற்றி, புதிதாக ஒரு கண்ணி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கடைசியில் அந்தக் கண்ணியை நழுவவிட்டால், அது பிறந்த இடம்வரை ஓடி நின்றுவிடும். அதற்குக் கீழே போகாது.

உறுப்பினர்கள் தங்கள் கைவேலையைக் காட்டும் வாரத்தில் ஸ்டெல்லா இதைச் செய்துகாட்டினாள். அப்போதும் தலைவி அவளுடைய குரலைத் திறக்கவில்லை. திரையில் அவள் விரல்கள் ஓடின, உதடுகள் அசைந்தன. மேலே தலைவியின் இனிய குரல் தானாக விளக்கம் சொல்லிக்கொண்டுபோனது. அந்த ஒரு சுற்றைப் பற்றி ஸ்டெல்லா சொன்னது, அன்று அவள் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

சில வாரங்கள் கழித்து மஃப்ளரின் கடைசிப் பகுதியைத் தலைவி அறிவித்தார். 'வெள்ளிச் சாரல்', தன் சொந்தக் கற்பனையில் உருவானதாம். ஸ்டெல்லாவின் தூறல்தான் அது. ஆனால் சுற்று இல்லை. அது தெரியாமல், ஏற்கெனவே ஊசியில் இருக்கும் கண்ணிகளில் சிலவற்றையே கடைசியில் நழுவவிடச் சொன்னார். சின்னத் துண்டில் சோதித்துப் பார்த்திருப்பார்; அதில் சரியாகத்தான் வந்திருக்கும், ஏனென்றால் ஓடிப் பாழாக்குவதற்குக் கீழே வேறு பகுதி இல்லை. முழு மஃப்ளரில் விட்டால், முறுக்குப் பின்னல் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு தொடக்க வரிசைவரை ஓடும்.

நான் கொதித்தேன். ஸ்டெல்லா கொதிக்கவில்லை, அதுதான் எனக்கு பயமாக இருந்தது. மேசைமேல் கையை ஊன்றி யோசித்தாள். பிறகு குழுவில் இருந்த ஒவ்வொருத்திக்கும் போன் செய்தாள். வாயைப் பொத்திச் சிரித்தவர்களுக்கும் செய்தாள். "அம்மா, ஸ்டெல்லா பேசறேன். சாரல் ஆரம்பிக்கிற எடத்துல, நழுவவுடப்போற கண்ணிக்கு நேர் கீய ஒரு ஊக்கு குத்தி வெச்சிக்கோ. இல்லாட்டி உன் மஃப்ளர் பூரா போயிடும்." அவர்கள் செய்த வேலை வீணாகக்கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். "அவளுக்கும் சொல்லிடேன்" என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "எப்பிடிச் சொல்றது? என் கொரலுதான் அவளுக்குக் கேக்காதே" என்றாள்.

கடைசி வகுப்பு. தலைவியின் மஃப்ளர் பட்டுபோல் வழுக்கும் நூலில் பின்னியது. எங்களுடையவை எல்லாம் அதன் பக்கத்தில் சாக்குதான். "இப்போது கண்ணியை விடுவிப்போம், தோழிகளே" என்று சொல்லி ஊசியை உருவி, இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தார். தூறல் விழுந்தது. சாரல் பகுதியைக் கடந்தது. முறுக்குக்குள் புகுந்தது. அவர் பதறிப்போய் இன்னும் இழுக்க, பக்கத்துக் கண்ணிகளும் சேர்ந்து ஓடின. "ஐயோ! இன்னாடி இது, கயண்டுகினு ஓடுது! ஏய், புட்றீ! அந்தாண்ட புட்றீ அத்த!" என்று வீட்டிலிருந்த யாரையோ பார்த்து அலறினார். அவ்வளவு பேரும் கேட்டோம். எங்கள் வடசென்னைக் கல்மண்டபத்தின் குரல் அவருக்குள் எந்தச் சேதாரமும் இல்லாமல் அப்படியே இருந்தது. பேச முடியாத ஸ்டெல்லா, குழுவில் ஒரு வரி எழுதி அனுப்பினாள்: "நான் அன்னிக்கே சொன்னேன், நம்ப பொண்ணுதான்னு."

அதோடு அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அந்த வாரமே பாதிப் பேர் வெளியேறி எங்களிடம் வந்தார்கள். ஸ்டெல்லா தொடங்கிய குழுவில் ஒரே விதிதான்: யாரும் யாருடைய குரலையும் அணைக்கக்கூடாது. ஒரே இரைச்சலாக இருக்கும். குன்னூர் அம்மா ஒருவர் இப்போது "இன்னா கீது?" என்றுதான் வகுப்பைத் தொடங்குகிறார்.

ஆனால் கணக்கு தீரவில்லை. விட்டுப்போனது அந்த ஒரு சுற்றுதான் என்று தலைவி யார் மூலமோ தெரிந்துகொண்டு, ஒரு கைவினைக் கண்காட்சியில் அதே பின்னலைத் தன் பெயரில் வைத்துப் பரிசு வாங்கினார். ஸ்டெல்லா கண்காட்சிக்காரர்களிடம் நேரில் போய்ப் பேசினாள். அத்தாட்சி கேட்டார்கள். கையிலிருந்த ஊசியை நீட்டி, "அவளையும் கூப்டு, ரெண்டு பேரும் இங்கியே ஒக்காந்து போடறோம்" என்றாள். மரியாதையாக வெளியே அனுப்பிவைத்தார்கள்.

அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. மொட்டைமாடியில் காயும் துணியிலெல்லாம் அனல்மின் நிலையக் கரித்தூள் படிகிற பகுதி அவளுடையது. "வெள்ள நூல் வாங்காத வசந்தா, நம்ப காத்துல அது சாம்பலாயிடும்" என்பாள். தனக்கு உள்ளேயும் அது படிந்திருப்பதை ஆஸ்பத்திரியில்தான் அறிந்தாள். ஆக்சிஜன் முகமூடி வழியாக அவள் என்னிடம் சொன்னவற்றில் பெரும்பகுதி ஜெனியைப் பற்றியது. ஒன்று மட்டும் வேறு. "அவ வருவாடி. என் சாவுக்கு வந்து போட்டா புடிச்சிக்குவா. மன்னிச்சிட்டேன்னு எவனாவது சொன்னா நம்பாத. நான் மன்னிக்கல."

வந்தார். தெருவில் பந்தல் போட்டு, குளிர்பெட்டியில் அவளை வைத்திருந்தோம். தலைவி மாலையோடு வந்தார். மாலைக்குக் கீழே கையில் தூறல் பின்னல் போட்ட, மடித்த மஃப்ளர். பின்னால் ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாலையப் போடுங்க. அது வேணாம்."

"என் மரியாதைக்காகக் கொண்டுவந்தேன்" என்றார்.

"யாரு கண்டுபுடிச்ச பின்னல் இது?"

அந்தோணி அண்ணன் என் தோளைத் தொட்டார். "வுடும்மா வசந்தா. செத்த வூட்ல இன்னாத்துக்குச் சண்ட?"

"இல்லண்ணே. பதில் வரட்டும், வுடறேன்."

நாற்காலிகளில் இருந்த எங்கள் குழுப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தலைவி அவர்களைப் பார்த்தார். எதையோ முணுமுணுத்தார். சத்தமாகச் சொல்லும்படி கேட்டேன். "ஸ்டெல்லாவோடதுதாண்டி! போதுமா? அவுளுதுதான்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். போன் பிடித்திருந்த பெண் படம் எடுப்பதை நிறுத்தியிருக்கவில்லை. நான் ஒதுங்கி மாலையைப் போடவிட்டேன். மஃப்ளரைப் போடவிடவில்லை. அவர் அழுதார். உண்மையான அழுகையாகவே இருக்கலாம். அது என் கவலை இல்லை.

ஸ்டெல்லாவின் ஊசிகளை ஜெனி எடுத்துக்கொண்டு போனாள். என்னிடம் இருப்பவை வேறு. கண்ணை மூடிக்கொண்டு என்னால் தூறல் போட முடியும். புதிதாக யார் சேர்ந்தாலும் அந்தச் சுற்றைக் காட்டுவதற்கு முன் ஸ்டெல்லாவின் பெயரைச் சொல்லவைக்கிறேன். புளியந்தோப்பிலிருந்து சேர்ந்த ஒரு பெண் அதை ஜபம்போல் சொல்கிறாள். அப்புறம் ஸ்டெல்லாவின் கோபம். அந்தோணி அண்ணன் அதைக் கல்லறையிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

போன மாதம் எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி தலைவி கேட்டிருக்கிறார். சொந்தப் பெயரில்தான் கேட்டிருக்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பைத் திறக்கும்போது அந்தப் பெயர் திரையின் ஓரத்தில், அனுமதிக்காக வாசலில் நிற்பது தெரியும். நிற்கட்டும்.